நாற்பதுக்குப் போன மெஷின்

இனிமேல் பொருளின் விலைக்கு மட்டுமல்ல, அனுப்பும் செலவுக்கும் சேர்த்தே கட்டணம் பிடிப்போம் என்று அந்த ஏலத் தளம் அறிவித்த அன்று, அதில் விற்றுப் பிழைக்கிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரே கூப்பாடு. கொள்ளைக்காரன் என்றார்கள், வயிற்றில் அடிக்கிறான் என்றார்கள். ஒருவர் சாபமே விட்டார். என் அக்கா மட்டும் ஒரு வார்த்தை எழுதவில்லை. அக்கா வாயை மூடிக்கொண்டிருந்தாள் என்று சொன்னால் எங்கள் குடும்பத்தில் ஒருத்தரும் நம்பமாட்டார்கள்.

ஏன் மூடிக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியும். சொல்கிறேன். ஆனால் அவளைத் திட்டுகிற பாத்தியதை எனக்கு மட்டும்தான். கேட்டுவிட்டு நீங்கள் யாரும் ஆரம்பித்துவிடாதீர்கள்.

அக்கா ஒரு பெரிய கடையில் கல்லாவில் உட்கார்ந்திருந்தவள். கடையை மூடியபோது ஒரு மாதச் சம்பளத்தையும், இத்தனை வருஷம் உழைத்ததற்கு நினைவாக ஒரு சுவர்க் கடிகாரத்தையும் கையில் கொடுத்து அனுப்பினார்கள். "வேலையே போயிடுச்சு, இனி மணி பார்த்து எனக்கு என்ன ஆகணும்?" என்று அந்தக் கடிகாரத்தைத்தான் முதலில் ஏலத்தில் போட்டாள். நல்ல விலைக்குப் போனது. அதோடு வீட்டில் எந்தப் பொருளுக்கும் நிம்மதி இல்லாமல் போயிற்று. அத்தான் குளித்துவிட்டு வருவதற்குள் அவருடைய பழைய கேமராவுக்கு மூன்று பேர் விலை கேட்டிருந்தார்கள்.

"கொஞ்ச நேரம் அசையாம உட்கார்ந்தேன்னா என்னையும் படம் பிடிச்சுப் போட்டுடுவா" என்று அத்தான் என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

"உங்களை வித்தா பதிவுக் கட்டணம்கூடத் தேறாது" என்றாள் அக்கா, தலையைத் தூக்காமல்.

வீட்டுப் பொருள் தீர்ந்ததும் கட்டடத்துக்காரர்கள் தங்களுடையதைக் கொண்டுவந்தார்கள். ஐந்து மாடிக் கட்டடம், மாடிக்கு நாலு வீடு, எல்லா வீட்டிலும் கட்டிலுக்கு அடியில் ஏதாவது கிடந்தது. பார்சல் அக்கா என்ற பெயரும் வந்து ஒட்டிக்கொண்டது. புதிதாகக் குடிவந்த ஒருவர் அந்தப் பேரை நம்பி, இரண்டு சாப்பாடு வேண்டும் என்று பாத்திரத்தோடு வந்து நின்றார். அக்கா வீட்டோடு இருக்கும் நான், ஒரு பல் டாக்டரிடம் சீட்டு கொடுக்கிற வேலையில் இருக்கிறேன். மாலையில் வந்து அக்காவுக்கு அட்டைப்பெட்டி மடித்துக் கொடுப்பேன். எங்கள் வீட்டுக் கூடத்தில் நடக்க இருந்த இடம் ஒரு ஆள் பக்கவாட்டில் போகிற அளவுதான்.

அந்தக் கட்டணங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் அக்கா செய்தது புரியாது. பொருளைத் தளத்தில் ஏற்றினாலே பதிவுக் கட்டணம். விற்றாலும் விற்காவிட்டாலும் அது போனது போனதுதான். மூன்று படத்துக்கு மேல் போட்டால் படத்துக்கு இவ்வளவு. தலைப்பைத் தடித்த எழுத்தில் போட்டால் தனியாக. இதற்குக் கீழே கொடுக்கமாட்டேன் என்று ஒரு அடிவிலையை மறைத்து வைக்கலாம், அதற்கும் ஒரு பிடுங்கல். இதையெல்லாம் தாண்டி விற்றுவிட்டால், விற்ற விலையில் நூற்றுக்கு எட்டு; பிறகு அதுவும் பன்னிரண்டானது.

ஆரம்பத்தில் அக்கா இதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கழித்துக்கொண்டுதான் உரியவர்களுக்குப் பணம் கொடுத்தாள். முடி திருத்தும் கடைக்காரருடைய மேசை விளக்கை விற்றபோது அவர் கணக்கைக் கேட்டுவிட்டுக் குதித்தார். "விளக்கை வித்த காசுல பல்புகூட வாங்க முடியாது போலிருக்கே! நடுவுல யாரு தின்னது?" என்று படிக்கட்டில் நின்று கத்தினார். அக்காவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அன்றிலிருந்து ஒரே பேச்சுதான். வாங்கியவர் கொடுத்ததில் லாரிக் கூலி போக மீதியில் ஐந்தில் ஒன்று எனக்கு, நாலு பங்கு உங்களுக்கு. தளத்துக்காரன் பிடிக்கிறதெல்லாம் என் பாடு. அதோடு நிற்காமல், ஏலம் நடக்கிற பக்கத்தின் லிங்க்கையும் பொருளுக்கு உரியவருக்கு அனுப்பிவிடுவாள். "நீங்களே கண்ணால பார்த்துக்குங்க. என்கிட்ட ஒளிவு மறைவு கிடையாது."

கறாரானவள் என்று பெயர் எடுத்துவிட்டாள். இரண்டாம் மாடி இன்ஷூரன்ஸ்காரர் தண்ணீர் மீட்டரில் காந்தம் வைத்து ஓடாமல் நிறுத்தியது தெரிந்தபோது, கட்டடக் கூட்டத்தில் அந்த மனிதரை அக்கா வறுத்து எடுத்துவிட்டாள். "எல்லாரும் கட்டுறதை நீங்க மட்டும் கட்டாம இருக்க என்ன வழின்னு உட்கார்ந்து யோசிக்கறீங்களே, வெட்கமா இல்ல?" என்றாள். ஐந்தாம் மாடிப் பெரியவர்தான் முதலில் எழுந்து, "இந்தப் பொண்ணு சொல்றதுதான் நியாயம்" என்றார்.

அந்த அக்காதான் இதைச் செய்தாள்.

தளத்துக்காரன் எட்டாக இருந்ததைப் பன்னிரண்டாக ஏற்றினான் அல்லவா, அப்போது. ஐந்தில் ஒரு பங்கு என்றால் நூற்றுக்கு இருபது. அதில் பன்னிரண்டு அவனுக்குப் போனால் அக்காவுக்கு என்ன மிஞ்சும்? படம் எடுத்து, துடைத்து, கட்டி, லாரி ஆபீசுக்குத் தூக்கிக்கொண்டு போனதற்கு எட்டு. குழுவில் யாரோ வழி சொல்லிக்கொடுத்தார்கள். அனுப்பும் செலவுக்கு அப்போது கட்டணம் கிடையாது. ஆகவே ஆயிரம் தேறும் பொருளுக்கு ஆரம்ப விலை பத்து என்று போட வேண்டியது, அனுப்பும் செலவைத் தொள்ளாயிரம் என்று ஏற்றிவிட வேண்டியது. அங்கே வழக்கமாக வாங்குகிறவர்களுக்கு இந்த விளையாட்டு அத்துப்படி. இரண்டையும் கூட்டிப் பார்த்துத்தான் விலை கேட்பார்கள். தளத்துக்காரனுக்குப் பத்திலோ இருபதிலோதான் பங்கு.

"தப்பில்லையா?" என்று நான் ஒரு பேச்சுக்குக் கேட்டேன்.

"யார் காசை எடுத்தேன்? அவன் மாடி மேல மாடி கட்டுறவன்டி. நம்ம ஐந்நூறுலயா அவன் அடுத்த மாடி நிக்குது?" என்றாள்.

எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. பல்லைக் காட்டிக்கொண்டு பெட்டி மடித்தேன்.

ஐந்தாம் மாடிப் பெரியவரை எல்லோரும் லிஃப்ட்காரர் என்போம். லிஃப்ட் பழுது பார்க்கிற மெக்கானிக்காக இருந்தவர். எங்கள் கட்டடத்தில் லிஃப்டே கிடையாது என்பதால் அப்படிக் கூப்பிடுவதில் எல்லோருக்கும் ஒரு குஷி. வயதான காலத்தில் ஐந்து மாடியும் ஏறி இறங்கி, "என் தொழிலுக்கு இது தேவைதான்" என்று அவரே சொல்லிக்கொள்வார். நடு வயதில் வேலை செய்யும்போது விழுந்து இடுப்பு போய், வருஷக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். அந்தக் காலமெல்லாம் அவருடைய மனைவி ஸ்வெட்டர் பின்னும் மெஷின் ஒன்றை வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடங்களுக்குப் பின்னிக் கொடுத்துக் குடும்பத்தை இழுத்தார். ஸ்வெட்டரில் டிசைன் விழ அதில் ஓட்டை போட்ட அட்டை செருக வேண்டும், அதையும் அவரே செய்துகொள்வார். மகளைப் படிக்கவைத்து வெளியூரில் கட்டிக்கொடுத்ததும் அந்த மெஷின்தான். அந்த அம்மா போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

பெரியவருக்குப் பல் செட் கட்ட வேண்டும். எங்கள் டாக்டரிடம்தான் அளவு எடுத்துக்கொண்டார். எவ்வளவு ஆகும் என்று கேட்டார், மூன்றாயிரத்து ஐந்நூறு என்றேன். மறுவாரம் அந்த மெஷினை, இடுப்பையும் பொருட்படுத்தாமல், படிப்படியாக இறக்கி எங்கள் கூடத்தில் கொண்டுவந்து வைத்தார்.

"நல்ல கையா பார்த்துக் கொடும்மா" என்றார் அக்காவிடம்.

"நாலாயிரத்துக்குக் குறையாது அண்ணே. நீங்க கவலையே படாதீங்க" என்றாள் அக்கா. வழக்கம்போல லிங்க்கையும் அனுப்பிவைத்தாள்.

ஆரம்ப விலை பத்து. அனுப்பும் செலவு ஐயாயிரத்து இருநூறு. உண்மையான லாரிக் கூலி எழுநூறுதான்.

அந்த வாரம் பெரியவரைப் படிக்கட்டில் பார்த்தேன். "ஏலம் பார்க்கறீங்களா அண்ணே?" என்று சும்மா கேட்டேன். "பார்க்கறேன், பார்க்கறேன். யாரோ பதினஞ்சுன்னு கேட்டிருக்காங்க" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. என் மரமண்டைக்கு அப்போதும் உறைக்கவில்லை. ஏலப் பக்கத்தில் பெரிய எழுத்தில் தெரிவது விலை மட்டும்தான். அனுப்பும் செலவு கீழே பொடி எழுத்தில் இருக்கும். அதைப் பார்த்தாலும் லாரிக்காரனுக்குப் போகிற பணம் என்றுதானே யாரும் நினைப்பார்கள்?

நாற்பதில் ஏலம் முடிந்தது. பணம் வந்ததும் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. லாரிக் கூலி போக நாலாயிரத்து ஐந்நூற்று நாற்பது. அதில் நாலு பங்கை, மூவாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டை, கவரில் போட்டு அன்றே மேலே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். அவர் பிரித்துப் பார்க்காமல் வாங்கி வைத்துக்கொண்டாராம்.

மறுநாள் காலை அதே கவரோடு வாசலில் நின்றார்.

"இந்தாம்மா. என் பங்கை எடுத்துக்கிட்டேன். மீதி இருக்கு."

அக்கா உள்ளே பார்த்தாள். மூவாயிரத்து அறுநூறும் அப்படியே இருந்தது. "என்ன அண்ணே இது? இது உங்க பணம்தான்!"

"நாற்பதுக்குப் போச்சு. அஞ்சுல ஒண்ணு, எட்டு, உன்னோடது. முப்பத்திரண்டு என்னோடது. எடுத்துக்கிட்டேன். மிச்சம் நீ பாவப்பட்டு வெச்சது. உனக்குப் பெரிய மனசும்மா. ஆனா எனக்கு வேணாம். நான் யார்கிட்டயும் சும்மா வாங்கினதில்ல."

"இல்ல அண்ணே, அந்த அனுப்புற செலவுன்னு போட்டிருந்தது..."

"அது லாரிக்காரனுக்கு. எனக்குத் தெரியாதா? அந்தக் கனத்தை நான்தானே தூக்கிட்டு வந்தேன்."

ஒரே வரியில் சொல்லியிருக்கலாம். அது லாரிக்காரனுக்கு இல்லை, அதுதான் விலை, கட்டணத்தை ஏமாற்ற அப்படி ஒளித்து வைத்தேன் என்று சொல்லியிருக்கலாம். அக்கா முகத்தில் ஈயாடவில்லை. கவரை மறுபடி அவர் கையில் திணித்தாள். அவர் கவரைச் செருப்பு அலமாரி மேல் வைத்துவிட்டு, படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினார்.

"சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?" என்றேன்.

"எப்படிடி சொல்வேன்? அன்னிக்குக் கூட்டத்துல எழுந்து நியாயம்னு சொன்னவருகிட்ட, நானும் மீட்டர்ல காந்தம் வெச்சவதான்னு சொல்லவா?"

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். நான்தான் அந்த யோசனையைச் சொன்னேன். வாங்கியவர் மெஷினைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு மேற்கொண்டு அனுப்பினார் என்று சொல்லிவிடு என்றேன். அக்கா அதையும் போய்ச் சொன்னாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"'நாற்பதுக்குப் பேரம் பேசினவன் மூவாயிரம் இனாம் கொடுத்தானா? எனக்காக நீ பொய் சொல்லாதேம்மா, கஷ்டமா இருக்கு'ங்கறாரு" என்று சொல்லி, பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்புறம் நாலைந்து நாள் அவர் எங்கள் மாடியைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டு போனார். யாரோ தனக்குப் பிச்சை போட்டுவிட்டது போல அவர் கூசினார். அக்காவும் அவருடைய செருப்புச் சத்தம் கேட்டால் கதவைச் சாத்திக்கொண்டாள். அவர் எங்கள் டாக்டரிடம் வந்து பல் செட் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "இந்த வயசுல கடிச்சுத் தின்ன என்ன இருக்கு? கஞ்சி போதும்" என்றார் என்னிடம். வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். அவள் டேப்பைக் கிழித்துக்கொண்டே இருந்தாள், பெட்டி ஒட்டிய பிறகும்.

கடைசியில் வாயைத் திறக்கவைத்தது கட்டடம் பெருக்குகிற அம்மா. காலையில் வாளியோடு வந்து, "லிஃப்ட்காரரு வீட்டையே காலி பண்றாரா என்ன?" என்று கேட்டார். "ஒரு மூட்டை நூலு, ஓட்டை ஓட்டையா போட்ட டிசைன் அட்டை ஒரு கட்டு, எல்லாத்தையும் கொண்டாந்து தொட்டியில போட்டுட்டாரு. நல்ல நூலாச்சே, எனக்காவது கொடுங்களேன்னேன். 'வேணாம்மா, இதுக்கெல்லாம் மதிப்பே கிடையாது, நாங்கதான் பெரிசா நினைச்சுக்கிட்டிருந்தோம்'னுட்டாரு."

அக்கா டேப்பைப் போட்டுவிட்டு எழுந்தாள். "தொட்டியில இருக்கா?"

"வண்டி வந்து அள்ளிட்டுப் போயாச்சே."

அக்கா மேலே ஓடினாள். கவரை எடுத்துக்கொண்டு நான் பின்னாலேயே ஓடினேன். பெரியவர் கதவைத் திறந்ததும், மூச்சு வாங்கிக்கொண்டே கொட்டிவிட்டாள். விலையைக் குறைத்துப் போட்டது, அனுப்பும் செலவில் மீதியைச் சொருகியது, ஏன் சொருகியது, எல்லாம். "மீட்டர்ல காந்தம் வெச்சாரே, அவருக்கும் எனக்கும் ஒரு வித்தியாசமும் இல்ல அண்ணே. சொல்ல வெட்கப்பட்டுக்கிட்டுத்தான் உங்களை இப்படி விட்டுட்டேன். உங்க மெஷின் நாலாயிரத்து ஐந்நூறுக்கு மேல போச்சு. சத்தியமாச் சொல்றேன்."

பெரியவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எவ்வளவுன்னு சொன்னே?"

"நாலாயிரத்து ஐந்நூத்தி நாற்பது."

"இன்னொரு தடவை சொல்லு."

சொன்னாள்.

"அதை ஊரே பார்க்கற இடத்துல நாற்பதுன்னு எழுதினியா?"

"ஆமா."

"எவ்வளவு மிச்சம் பிடிச்ச?"

"ஐந்நூத்தி நாற்பது" என்றாள் அக்கா. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

அவர் திட்டியிருந்தால் தேவலை. "அவ பின்னின ஒரு ஸ்வெட்டருக்கே அந்தக் காலத்துல நாற்பதுக்கு மேல கொடுத்தாங்கம்மா" என்றார். "அந்த ஏலப் பக்கத்தைப் பார்த்துப் பார்த்து, 'இவ்வளவுதானா இவ செஞ்சது, இதுக்கா இவளைத் தலையில தூக்கி வெச்சுக்கிட்டு இருந்தோம்'னு நினைச்சுட்டேன். அவளைப் போயி நான் அப்படி நினைச்சுட்டேன்."

அக்கா அழ ஆரம்பித்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார். காது கொஞ்சம் மந்தம் என்பதால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"கேட்டியாம்மா? அன்னிக்கு நாற்பதுன்னு சொன்னேனே, தப்பாச் சொல்லிட்டேன். உங்க அம்மா மெஷின் நாலாயிரத்து ஐந்நூறுக்குப் போயிருக்கு!" குரலில் அவ்வளவு பெருமை.

"நான் அப்பவே சொன்னேனேப்பா, அம்மா மெஷின் அவ்வளவு சும்மாவா போகும்னு!" மகள் சிரித்தது எங்களுக்கும் கேட்டது. "சரிப்பா, அந்த டிசைன் அட்டையெல்லாம் பத்திரமா வையுங்க. அம்மா உட்கார்ந்து ஒவ்வொரு ஓட்டையா தன் கையால போட்டது. அடுத்த மாசம் வரும்போது நான் எடுத்துக்கறேன்."

பெரியவர் வாய் திறந்தபடி நின்றது. அப்போதுதான் அக்காவைப் பார்த்தார். அக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அதையும் சேர்த்துத்தான் வித்தேன்மா" என்றார் போனில். "வாங்கினவங்க அட்டையும் வேணும்னு கேட்டாங்க. அதனாலதான் அந்த விலை."

மகளின் சிரிப்பு நின்றது. "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேப்பா."

"ஆமாம்மா. கேட்டிருக்கணும். தப்பு என்னோடதுதான்."

போனை வைத்துவிட்டு என்னிடமிருந்து கவரை வாங்கிக்கொண்டார். சட்டைப் பையில் வைத்து, ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். "போயிட்டு வாங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

நாங்கள் படி இறங்கினோம். நாலாம் மாடி வளைவில் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"பெத்த பொண்ணுகிட்டயே அவரைப் பொய் சொல்ல வெச்சுட்டேனேடி" என்றாள்.